வயித்துக்குள்ள ஒரு ஊர் இருக்கு மக்கா!

காலை ஆறரை மணி. வடசேரிப் பக்கம் ஏதோ ஒரு மாணவர் விடுதி. தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறான் ஒருத்தன். ம்ஹும், பாக்கெட் காலி! அடுத்த கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவனை உலுக்குகிறான்.

"லே மக்கா... ஒரு தம் இருந்தா தாலே. ஒன்பது மணிக்கு லேப் இருக்கு."

"லேப்புக்கும் தம்முக்கும் என்னலே சம்பந்தம்?"

"அது அடிக்காம வயிறு கலங்க மாட்டேங்குடே!"

சிரிக்காதீர்கள் ஃப்ரெண்ட்ஸ். இந்த டயலாக் கேட்காத ஹாஸ்டல் தமிழ்நாட்டிலேயே கிடையாது. 'தம் அடிச்சாதான் காலையில் கிளியரா போகும்', 'சாப்பிட்டதும் ஒண்ணு அடிச்சாதான் செரிக்கும்', 'பசிச்சா ஒரு டீ, ஒரு தம்... மதியம் வரைக்கும் தாங்கும்'. இந்த மூணும்தான் கல்லூரி வட்டாரத்தின் மூன்று பெரிய நம்பிக்கைகள். கவனித்தீர்களா? மூணுமே வயிறு சம்பந்தப்பட்ட சமாச்சாரம்!

ஆனால், சிகரெட்டின் கெடுதல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நுரையீரல்தான். தியேட்டரில் படம் தொடங்கும் முன், பஞ்சைப் பிழிந்து தார் எடுத்துக் காட்டியே நம்மை வளர்த்துவிட்டார்கள். புகை நெஞ்சோடு நின்றுவிடும், வயிறு சேஃப் என்று ஒரு நினைப்பு. அது தப்பு பாஸ். அந்தத் தப்பைப் பேச கன்னியாகுமரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. ஏனென்றால், ஒரு காலத்தில் வயிற்றுப்புண் என்றாலே டாக்டர்கள் திரும்பிப் பார்த்த ஊர் இது.

எவரெஸ்ட்டிலிருந்து நெய்யூருக்கு!

திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது நெய்யூர். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அந்தப் பழைய மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்திருப்பீர்கள். 1838-ல் இங்கே மருத்துவப் பணி தொடங்கியது. அப்போது இது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ம் தேதிதான்.

1922-ல் ஒரு இங்கிலாந்துக்காரர் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெயர் ஹோவர்ட் சாமர்வெல். அந்த வருஷம் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போன குழுவில் ஒருவர். கையில் சர்ஜன் பட்டம். மலையேறி முடித்துவிட்டு 'சும்மா ஊரைச் சுற்றிப் பார்ப்போம்' என்று தெற்கே இறங்கி வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரையும் சமாளிக்கத் திணறிக்கொண்டிருந்த டாக்டரையும் பார்த்தார். முடிவு செய்துவிட்டார். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். இருபது வருஷத்துக்கும் மேல் இங்கேயே கத்தி பிடித்தார். நடுவில் 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய், ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமலே 28,000 அடி உயரம் வரை ஏறிவிட்டு வந்தது தனிக் கதை!

நெய்யூரில் அவர் மேஜைக்கு அதிகமாக வந்த நோய் எது தெரியுமா? அல்சர். அதாவது இரைப்பையிலும், அதை அடுத்து வரும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியிலும் வருகிற புண். நாட்டின் வடக்குப் பக்கத்தில் அவ்வளவாகக் காணப்படாத இந்த நோய், தென் திருவிதாங்கூரில் ஏன் இவ்வளவு என்று அவருக்கு ஆச்சரியம். 1936-ல் இன்னொரு டாக்டரோடு சேர்ந்து 'திருவிதாங்கூர் அல்சர்' பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். 1948-ல் இரைப்பை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் புத்தகமே போட்டார். அதன் பின்னால் இருந்தது நம்ம ஊர் வயிறுகளில் அவர் கற்ற பாடம்தான்.

காரணம் என்னவாக இருக்கும்? சாப்பாடுதான் என்று சந்தேகம் விழுந்தது. அன்றைக்கு ஏழை வீட்டில் மூணு வேளையும் மரச்சீனிக் கிழங்கு. குன்னூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ராபர்ட் மெக்கரிசன், எலிகளுக்கு இந்தத் திருவிதாங்கூர் ஏழைச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கணிசமான எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. 'சத்தில்லாத சாப்பாடு, அமிலம், கவலை' என்று அல்சருக்குக் காரணம் எழுதப்பட்டது. ரொம்ப காலம் உலகம் முழுக்க இதுதான் பாடம்.

கிருமியைக் குடித்த டாக்டர்

1984. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர், 'அல்சருக்கு முக்கியக் காரணம் ஒரு பாக்டீரியா' என்று சொல்ல, பெரிய டாக்டர்கள் எல்லாம் சிரித்தார்கள். 'அமிலத்துக்குள்ள பாக்டீரியா உயிரோட இருக்குமா? போய்யா!' மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அந்த பாக்டீரியாவை வளர்த்து, ஒரு டம்ளரில் கலக்கி, மடமடவென்று குடித்துவிட்டார்! சில நாளில் குமட்டல், வாந்தி. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. நினைத்தது சரி! (இதை யாரும் ஹாஸ்டலில் முயற்சி செய்ய வேண்டாம்.)

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இதற்காக மார்ஷலுக்கும், அவருடைய சீனியர் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அல்சர் வந்தால் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் இரண்டு வார மாத்திரைக் கோர்ஸ் போதும்.

'அப்போ பாக்டீரியாதானே காரணம்? என் சிகரெட் தப்பிச்சிட்டுதே!' என்று கை தட்டுகிறீர்களா? அவசரப்படாதீர்கள். இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. ஆனால், எல்லோருக்கும் அல்சர் வருவதில்லை. கிருமி சும்மா குடியிருக்கப் போகிறதா, சுவரைத் தோண்டப் போகிறதா என்பதைத் தீர்மானிக்கிற விஷயங்களில் ஒன்று... ஆமாம், அந்தப் புகைதான்.

எப்படி? இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலத்தைச் சமன் செய்ய, கணையம் ஒரு காரத் திரவத்தைச் சுரக்கிறது. பைகார்பனேட் என்று பெயர்; சோடா உப்புக்குச் சொந்தக்காரன். புகைப்பவர்களுக்கு இந்தச் சுரப்பு குறைகிறது. இரைப்பைச் சுவருக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. அதாவது அமிலம் அப்படியே இருக்கிறது, காவல்காரன் லீவு போட்டுவிட்டான். வந்த புண் ஆறுவதும் தாமதமாகிறது. அது மட்டுமா, இந்தக் கிருமியை ஒழிக்க மருந்து சாப்பிடுகிறவர்களில், புகைக்கிறவர்களுக்கு மருந்து வேலை செய்யாமல் போகிற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருந்துக் காசும் போச்சு, தம் காசும் போச்சு!

வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ பல வருஷமாக அல்சர், கூடவே காலையில் பீடி என்றால், இந்தப் பத்தியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். 'பீடி இலைதானே, அது பரவாயில்ல' என்பார். இலையாவது, காகிதமாவது... உள்ளே இருப்பது புகையிலைதான்.

38 லட்சம் கோடிப் பேர் குடியிருக்கும் ஊர்

பைலோரி ஒரு ரவுடி. ஆனால், வயிற்றுக்குள் இருக்கிற எல்லா பாக்டீரியாவும் ரவுடி இல்லை. நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். நம் சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான்! அந்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் வசிக்கிறது.

அவங்க சும்மா தங்கவில்லை, வாடகை கொடுக்கிறார்கள். நாம் சாப்பிடும் கீரை, பயறு, வாழைப்பழத்தில் உள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. இவர்கள் அதைத் தின்று, நொதிக்க வைத்து, ப்யூட்டிரேட் போன்ற சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகிறார்கள். பெருங்குடலின் சுவரில் உள்ள செல்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. சில வைட்டமின்களும் தயாரிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். எது நண்பன், எது எதிரி என்று நம் நோய் எதிர்ப்புச் சக்திக்கு டியூஷன் எடுப்பதும் இவர்கள்தான்.

ஒரு ஊர் நன்றாக இருக்க வேண்டுமென்றால் எல்லாத் தொழில்காரரும் வேண்டும். கொல்லர், தச்சர், மீன்காரம்மா, டீச்சர், டாக்டர்... ஒரே தொழில்காரர் மட்டும் நிறைந்தால் ஊர் நாறிவிடும். குடலுக்கும் அதே கதைதான். எத்தனை வகை பாக்டீரியா இருக்கிறதோ, அத்தனைக்கு நல்லது.

இந்த ஊருக்குள் புகை எப்படிப் போகிறது? இழுக்கிற புகையில் கொஞ்சம் எச்சிலில் கரைந்து வயிற்றுக்கு இறங்குகிறது. மீதி நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, சுற்றி வளைத்துக் குடலுக்கு வந்து சேர்கிறது. நிக்கோட்டின், காட்மியம் மாதிரி உலோகங்கள், கார்பன் மோனாக்ஸைடு என்று ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். குடலின் அமிலத்தன்மை, ரத்த ஓட்டம், சுவரைப் பூசியிருக்கும் வழுவழுப்பு எல்லாமே மாறுகிறது. வீடு மாறினால் குடியிருப்பவர்களும் மாறத்தானே செய்வார்கள்?

மாற்றம் வாயிலேயே ஆரம்பம். அமெரிக்காவில் 1,204 பேரின் வாய் பாக்டீரியாவை ஆராய்ந்து 2016-ல் ஒரு முடிவு வந்தது. புகைக்கிறவர்களின் வாயில் குடியிருப்போர் பட்டியலே வேறு. ஆனால், விட்டுவிட்டவர்களின் வாய், புகைக்காதவர்களின் வாய் போலவே மாறியிருந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

எலி சொன்ன சாட்சி

'சரி, பாக்டீரியா மாறினா மாறட்டுமே, எனக்கு என்ன?' நியாயமான கேள்வி. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது.

ஒரு கூட்டம் எலிகளைச் சிகரெட் புகையில் வைத்தார்கள். குடல் புற்றுநோயைத் தூண்டும் மருந்தையும் கொடுத்தார்கள். மருந்து மட்டும் பெற்ற எலிகளைவிட, புகையும் பட்ட எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் அதிகம். இது எதிர்பார்த்ததுதான். ட்விஸ்ட் அடுத்தது. புகை பட்ட எலிகளின் மலத்தை எடுத்து, குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குள் செலுத்தினார்கள். இந்த எலிகள் வாழ்நாளில் ஒரு பஃப் புகைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும், இவற்றின் குடல் செல்கள் தாறுமாறாகப் பெருக ஆரம்பித்தன!

அதாவது, கெடுதலில் ஒரு பங்கு புகையில் மட்டும் இல்லை. புகையால் கெட்டுப்போன பாக்டீரியாக் கூட்டத்திலும் இருக்கிறது. எலிக்கு நடப்பதெல்லாம் மனுஷனுக்கு அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், மனுஷ விஷயத்தில் ஏற்கெனவே உறுதியான ஒரு பட்டியல் இருக்கிறது. உணவுக்குழாய், இரைப்பை, கல்லீரல், கணையம், பெருங்குடல்... இத்தனை இடத்துப் புற்றுநோய்க்கும் புகைபிடித்தல் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொல்லிவிட்டது. வாயில் தொடங்கி வால் வரைக்கும் ஒரு இடமும் பாக்கி இல்லை.

க்ரோன் நோய் என்று ஒன்று இருக்கிறது. குடல் சுவர் வீங்கி, புண்ணாகி, வயிற்றுவலியும் பேதியுமாக வருஷக்கணக்கில் படுத்தும். பெரும்பாலும் இளவயதில் ஆரம்பிக்கும். புகைப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. வந்த பிறகு புகைத்தால் இன்னும் மோசமாகும். அதன் தம்பி மாதிரி இருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மட்டும் புகைப்பவர்களிடம் கொஞ்சம் குறைவாகக் காணப்படுகிறது. 'பாத்தியா, நல்லதும் இருக்கு'ன்னு கிளம்பிடாதீங்க பாஸ். ஒரு நோய்க்குக் குடை பிடிக்கிறேன் என்று பத்து நோய்க்குக் கதவைத் திறந்து வைக்கிற கதை அது. எந்த டாக்டரும் அதை மருந்தாக எழுத மாட்டார்.

மூணு நம்பிக்கை, மூணு போஸ்ட்மார்ட்டம்

இப்போது நம்ம ஹாஸ்டல் நண்பனின் நம்பிக்கைகளுக்கு வருவோம்.

'சாப்பிட்டதும் ஒண்ணு அடிச்சாதான் செரிக்கும்'

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. சாப்பாடு உள்ளே போனதும் இறுக்கி மூடிக்கொள்ளும். நிக்கோட்டின் இதைத் தளர்த்திவிடுகிறது. மதியம் மெஸ்ஸில் ஒரு பிடி பிடித்துவிட்டு, வயிறு நிறைய அமிலம் சுரக்கிற நேரத்தில் கதவைத் திறந்துவிட்டால்? நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம்! மேலே வரும் அமிலத்தைக் கழுவி இறக்குவது எச்சில். புகைப்பவர்களுக்கு எச்சிலின் அந்தச் சக்தியும் குறைவு. செரிப்பதற்கு என்று அடித்த தம்தான் சாயங்காலம் உங்களை மெடிக்கல் ஷாப்பில் 'அண்ணாச்சி, ஒரு கேஸ் மாத்திரை' என்று கேட்க வைக்கிறது. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். தளர்ந்த கதவை இறுக்காது.

'பசிச்சா ஒரு டீ, ஒரு தம்'

பசியை அடக்குகிறது என்பது உண்மைதான். நிக்கோட்டின் மூளையில் பசி உணர்வை மட்டுப்படுத்தும். ஆனால், பசி அடங்கியது உங்களுக்கு. வயிற்றுக்குள் இருக்கும் 38 லட்சம் கோடிப் பேருக்கு யார் சோறு போடுவது? காலையில் இட்லியும் இல்லை, பழமும் இல்லை. வெறும் வயிற்றில் சாயாவும் புகையும். நார்ச்சத்து வராத நாளில் இந்த பாக்டீரியாக்களில் சில, குடல் சுவரின் வழுவழுப்பையே சுரண்டித் தின்ன ஆரம்பிக்கும். பசித்தவன் கூரையைப் பிடுங்கித் தின்ன மாதிரி.

'தம் அடிச்சாதான் கிளியரா போகும்'

இதுதான் நம்பர் ஒன். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. நிக்கோட்டின் குடலின் நரம்புகளைத் தட்டி எழுப்பும். ஆனால், காலையில் எழுந்ததும், ஏதாவது சூடாகக் குடித்ததும் பெருங்குடல் தானாகவே அசையும். பிறந்த குழந்தைக்குக்கூட அப்படித்தான். அது சிகரெட் கேட்பதில்லையே! தினமும் அந்த நேரத்தில் ஒரு தம்மைக் கொளுத்திக் கொளுத்தி, உடம்புக்கு அதையே மணி அடிக்கும் அடையாளமாகப் பழக்கிவிட்டோம். வேலை செய்வது குடல், பேர் வாங்கிக்கொள்வது சிகரெட்.

விட்டா என்ன ஆகும்?

நேர்மையாகப் பேசுவோம். விட்ட முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். எரிச்சல், தூக்கக் குறைவு எல்லாம் தெரிந்ததுதான். யாரும் சொல்லாத ஒன்று: மலச்சிக்கல். விடுகிறவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கு இது வருகிறது என்று 2003-ல் லண்டனில் நடந்த ஆய்வு சொன்னது. பல பேர் மறுபடி பெட்டிக்கடைக்குப் போவது இந்த இடத்தில்தான். 'பாத்தியா, விட்டா வயிறு கெட்டுப்போச்சு' என்பார்கள். வயிறு கெடவில்லை நண்பா. முட்டுக்கொடுத்த கம்பை எடுத்ததும் கொஞ்சம் தள்ளாடுகிறது, அவ்வளவுதான். அது தற்காலிகம்.

இன்னொரு பயம் எடை. விட்ட ஒரு வருஷத்தில் சராசரியாக நாலு, அஞ்சு கிலோ கூடும் என்பது உண்மை. அதிகமாகச் சாப்பிடுவது மட்டும்தான் காரணமா? இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2021-ல் எலிகளை வைத்துப் பார்த்தது. புகையை நிறுத்தியதும் எலிகள் குண்டாயின. ஆன்டிபயாடிக் கொடுத்து குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தபோது அந்த அளவுக்கு எடை ஏறவில்லை! ஆக, எடை விஷயத்திலும் உள்ளூர் ஆட்களின் கை இருக்கிறது. அதற்காக ஆன்டிபயாடிக் சாப்பிடக் கூடாது. அது ஊரையே கொளுத்துகிற வேலை. சாயங்கால ரசவடையில் ஒன்றைக் குறைத்து, மைதானத்தில் நாலு ரவுண்டு ஓடினால் போதும்.

இப்போது நல்ல செய்தி. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 2013-ல் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. மொத்தம் 20 பேர். அதில் 10 பேர் புகைப்பதை விட்டவர்கள். ஒன்பது வாரம் அவர்களின் குடல் பாக்டீரியாவைக் கவனித்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்களிடமும், எப்போதும் புகைக்காதவர்களிடமும் பெரிய மாற்றமில்லை. விட்டவர்களிடம் மட்டும் தலைகீழ் மாற்றம். பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கையே கூடியிருந்தது! ஆள் குறைவுதான், சின்ன ஆய்வுதான். ஆனால், அது சொல்கிற சேதி பெரியது. ஊர் காலியாகிவிடவில்லை. புகை நின்றதும் ஆட்கள் திரும்ப வருகிறார்கள், அதுவும் வருஷக் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில். ஒரு செமஸ்டரில் பாதிகூட இல்லை!

ஊர் திரும்புகிறவர்களுக்கு விருந்து

திரும்பி வருகிற பாக்டீரியாவுக்கு என்ன சாப்பாடு போடுவது? பத்திரிகை விளம்பரத்தில் வரும் விலை உயர்ந்த டப்பாக்கள் வேண்டாம். நாஞ்சில் நாட்டு அடுக்களையிலேயே எல்லாம் இருக்கிறது.

* சம்பா அரிசிச் சோறு, சிறுபயறு போட்ட கஞ்சி, கீரைத் துவரன். நார்ச்சத்து ஏராளம்.

* அவியல். ஒரே தட்டில் ஏழெட்டுக் காய். பாக்டீரியாவில் பல வகை வேண்டுமென்றால் சாப்பாட்டிலும் பல வகை வேண்டுமே!

* மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் ஹீரோ. காலையில் ரெண்டு.

* பழங்கஞ்சி, மோர். இரவெல்லாம் நொதித்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

* காலையில் தம்முக்குப் பதிலாக ஒரு டம்ளர் வெந்நீர். பிறகு பத்து நிமிஷம் நடை. தினமும் ஒரே நேரத்தில். ரெண்டு மூணு வாரத்தில் குடல் புது மணியைக் கற்றுக்கொள்ளும்.

ஒரு விஷயம். 'நான் பழங்கஞ்சி குடிச்சிட்டுத்தான் தம் அடிக்கேன்'னு யாரும் கணக்கு நேர் செய்ய வேண்டாம். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. முதலில் ஓட்டையை அடைக்கணும்.

வேப் குச்சிக்கு மாறிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் 2019-லிருந்து அதை விற்பதே குற்றம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள்ளும் சிகரெட், பீடி விற்கக் கூடாது என்று 2003-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. காலேஜ் வாசலிலிருந்து பெட்டிக்கடை வரை ஒருநாள் எட்டு வைத்து அளந்து பாருங்களேன், சுவாரஸ்யமாக இருக்கும்!

தனியாக விட முடியவில்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை. நிக்கோட்டின் அவ்வளவு பிடிவாதமான சரக்கு. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்பி வைத்திருப்பீர்கள், அதனால் கண்ணில் பட்டிருக்காது. நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற உதவிகளுக்கு டாக்டரைக் கேளுங்கள். கறுப்பாகத் தார் போல மலம் போவது, வாந்தியில் ரத்தம், விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது... இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரைக் கடைக்கு அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று...

மூச்சு முட்டும் உயரத்திலிருந்து இறங்கி நெய்யூருக்கு வந்த அந்த மனுஷன், நம் தாத்தாக்களின் வயிற்றைத் திறந்து திறந்து தைத்துக்கொண்டிருந்தார். அன்று அவர்களுக்கு வேறு வழி இல்லை. கிருமி தெரியாது, மருந்து கிடையாது, வீட்டில் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடும் இல்லை. நமக்குக் கிருமியும் தெரியும், மருந்தும் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது. அத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, காசு கொடுத்து அந்தப் புண்ணை வாங்குவோம் என்றால்... தாத்தா சிரிக்க மாட்டாரா?

நாளைக்குக் காலை ஆறரை மணிக்கு உங்கள் கட்டிலை யாராவது உலுக்கினால், போர்வையை விலக்கிக்கொண்டு சொல்லுங்கள்:

"தம் இல்லலே. ரெண்டு மட்டிப்பழம் இருக்கு, சாப்பிடுதியா மக்கா?"